கம்பி எடுத்த கிட்டார்

வெர்னர் எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து நானூற்று அறுபது குரோனர். பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். எங்கள் படகுப் பட்டறையில் நாலைந்து நாள் உழைத்தால் அதைவிடக் கூடவே கிடைக்கும். ஆனாலும் கடன் கடன்தான். யாருடைய பையில் இருக்க வேண்டிய காசோ அது அவன் பையில் இருந்தால்தான் எல்லாருக்கும் தூக்கம் வரும்.

அது மெட்டுக்கம்பி போட்ட கூலி. கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே வரிசையாகப் பதித்திருப்பார்களே, அந்தக் கம்பிகள். வெர்னரிடம் இருந்தது நாலு தந்தி பேஸ் கிட்டார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. முப்பது வருஷமாக அதே ஒன்றுதான். விரல் பட்டுப் பட்டுக் கம்பிகள் பள்ளம் விழுந்து, தந்தி அதில் மோதி நரநரவென்று இரைய ஆரம்பித்தது. நான் பகலில் படகுக்குப் பலகை இழைக்கிறவன். சனிக்கிழமைகளில் என் வீட்டுக் கொட்டகையில் வாத்தியங்கள் சரி பார்ப்பேன். எங்கள் ஊரான லெம்விக்கில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை. அவன் கொண்டுவந்தான், பழைய கம்பிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வளைத்து, அடித்து இறக்கி, விரல் கிழிக்காமல் முனைகளை அராவி, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்த்தேன். என் வேலையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வெர்னரும் சொல்லவில்லை. காசுதான் கொடுக்கவில்லை.

கொடுக்கக் கூடாது என்று நினைத்தான் என்று சொல்ல வரவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மறந்துவிடுகிறவன், சிரிக்கிறவன், முதுகில் தட்டுகிறவன். பட்டறையின் பெரிய கிரேனை ஓட்டினான். முழுப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டையை வைப்பதுபோலத் தரையில் வைப்பான். சனிக்கிழமை இரவுகளில் கிரெஸ்டனின் இசைக்குழுவில் வாசிப்பான். கிரெஸ்டன் அக்கார்டியன், இன்னொருவன் டிரம்ஸ், வெர்னர் பேஸ். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், எந்த வெள்ளிவிழா என்றாலும் அவர்கள்தான். அவனை எல்லாருக்கும் பிடிக்கும். எல்லாருக்கும் பிடித்தவனிடம் கடனைக் கேட்பது கஷ்டம். கேட்கிறவன்தான் கெட்டவன் ஆவான்.

அதனால் நான் கேட்கவில்லை. பில் எழுதினேன்.

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்குச் சின்ன வயதில் எழுத்து பிடிபடவில்லை. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படிப்பட்டவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து அடுப்புக்கு விறகு போடச் சொல்வார்கள். நானும் போட்டேன். நாற்பத்து மூன்று வயதில்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். என்னைப் போல ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு குளிர்காலம் போனேன். வெர்னருக்கு எழுதிய பில்தான் நான் ஒரு மனிதனுக்கு என் கையால் எழுதிய முதல் காகிதம். என்ன வேலை, எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி என்று தெளிவாக எழுதி, மடித்து, மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் அவன் கையில் கொடுத்தேன்.

வெர்னர் அதை விரித்தான். ஒரு கையில் கறுப்பு ரொட்டியும் ஈரல் மசியலும் இருந்தது. மெதுவாகப் படித்தான். பிறகு எழுந்து நின்றான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கப்பா. நம்ம ஹோல்கர் புஸ்தகம் போட்டிருக்கான்."

"என்ன புஸ்தகம்டா?"

"நல்ல புஸ்தகம். சின்னப் புஸ்தகம்தான், ஆனா விலை ஆயிரத்து நானூத்து அறுபது."

பட்டறையே சிரித்தது. அவன் அந்தக் காகிதத்தை அறிவிப்புப் பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினான். கேலியாக மாட்டவில்லை, பெருமையாக மாட்டினான் என்றுதான் பிறகு எல்லாரும் சொன்னார்கள். "உன் எழுத்து எங்க எழுத்தைவிட அழகா இருக்குய்யா, பேராசிரியரே" என்று என் முதுகில் தட்டினான். அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் பேராசிரியர். வர்ணம் பூசுகிற பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காகிதம் மஞ்சள் பூக்கும்வரை அங்கேயே இருந்தது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் நான் ரொட்டி தின்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவன் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பான்.

ஒன்றரை வருஷம் போயிற்று. வெர்னரின் மகள் ரிக்கேவுக்கு ஜூன் மாதம் கல்யாணம் வைத்தார்கள். வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை வெர்னர் கிட்டாரோடு என் கொட்டகைக்கு வந்தான். நான் இழைப்புளியை வைத்துவிட்டு, "கதவைச் சாத்து, காத்து வருது" என்றேன். அவன் சாத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய்ச் சாத்தினேன்.

"ஹோல்கரு, உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். வெளிய போகக் கூடாது."

"சொல்லு."

அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குக் காது கேக்கலடா."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சு மூணு நாலு வருஷம். மொதல்ல மணிச் சத்தம் போச்சு, குருவி போச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. நீ பேசறது உதட்டைப் பாத்துத்தான் தெரியுது. இங்கெலிஸுக்குத் தெரியும். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

இங்கெலிஸ் அவன் மனைவி. கிரேனை எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டேன். கீழே நிற்கிறவனின் கையைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றான். அது உண்மைதான். அத்தனை வருஷத்தில் அவன் ஒரு சங்கிலியைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் கேட்காத காதோடு கிரேன் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது. தெரிந்த அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். அவனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

"அப்ப கிட்டாரு?"

அவன் சிரித்தான். கிட்டாரை மடியில் வைத்து, உடலில் கொம்புபோல நீண்டிருக்கும் மேல்கொம்பில் பல்லைப் பதித்து, ஒரு தந்தியைத் தட்டினான். "இப்படி. எலும்பு வழியா அதிருது. சுதி தெரியாது, தாளம் தெரியும். சுதிக்கு இது இருக்கே" என்று நான் போட்ட மெட்டுக்கம்பிகளைத் தடவினான். "கம்பி இருக்கற வரைக்கும் எனக்குக் காது வேண்டாம்டா. கை போற எடம் கைக்குத் தெரியும். ஒரு விரக்கடை முன்னப் பின்னப் போனாலும் கம்பி பாத்துக்கும். உன் புண்ணியம்."

வந்த காரியம் இதுதான்: கல்யாணத்துக்குக் கிட்டாரைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தர வேண்டும். அன்றைக்கு மேடையில் தந்திகளுக்கு நான் சுருதி சேர்த்துத் தர வேண்டும், அவனால் முடியாது. மணமக்கள் ஆடுகிற கல்யாண வால்ட்ஸைத் தன் மகளுக்கு அவன்தான் வாசிப்பானாம். "பழைய பாக்கியையும் சேத்துக் கல்யாணம் முடிஞ்சதும் குடுத்துடறேன், பேராசிரியரே" என்றான்.

அவன் போன பிறகு கிட்டாரை மேஜைமேல் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எது அவனுடையது, எது என்னுடையது என்று யோசித்தேன். மரம் அவனுடையது. தந்தி அவனுடையது. கம்பிகளுக்கு அவன் இன்னும் காசு கொடுக்கவில்லை. காசு கொடுக்காத சரக்கு விற்றவனுக்கே சொந்தம். கடைக்காரன் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நான் என் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் முதலில் செய்தது.

கம்பியைச் சும்மா பிடுங்கினால் பலகை சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். சால்டரிங் இரும்பைக் கம்பிமேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பசை இளகி, கம்பி தானாகவே மேலே வரப் பார்க்கும். அப்போது முனை தேய்த்த குறடால் ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் வலிக்காமல் கழன்று வரும். இருபதையும் அப்படியே எடுத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

கம்பி இல்லாத பேஸ் கிட்டார் ஒன்றும் அதிசயமில்லை. ஆசைப்பட்டுச் செய்துகொள்கிறவர்கள் உண்டு. கம்பி வெட்டாமல் வரும் சத்தம் குழைவாக, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி இருக்கும். வெர்னருக்கே அதில் ஆசை இருந்தது. காது நன்றாக இருந்த காலத்தில் பக்கத்து ஊர் ஹோல்ஸ்டெப்ரோவில் யாரோ அப்படி வாசிக்கக் கேட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் சாப்பாட்டுக் கொட்டகையில் அதைப் பற்றியே பேசினான். "தேன் ஊத்தறான்டா அந்த ஆளு" என்றான். ஆகவே, நான் அவனுக்கு வேண்டாத ஒன்றைத் திணித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

கம்பி எடுத்த பிறகு பலகையில் பள்ளக் கோடுகள் நிற்கும். வழக்கமாக அந்தப் பள்ளங்களில் வெளிறிய மரச்சீவலைச் சொருகி ஒட்டிவிடுவார்கள். கறுத்த பலகையில் வெள்ளைக் கோடு தெரியும். கம்பி இருந்த இடம் அதுதான், விரலை அதன்மேல் வை என்று வாசிக்கிறவனுக்கு வழி காட்டும். காது கேட்கிறவன் ஒரு மாதத்தில் கோட்டைப் பார்ப்பதை விட்டுவிடுவான். காது கேட்காதவனுக்குக் கோடுதான் காது.

நான் அந்தப் பழைய பள்ளங்களில் வெள்ளைச் சீவல் வைக்கவில்லை. அதே கறுப்பு மரத்தூளைப் பசையில் குழைத்து நிரப்பி இழைத்தேன். பலகையின் நடுவில் இருந்த முத்துப் பொட்டுகளையும், ஓரத்துப் பொட்டுகளையும் தோண்டி எடுத்து அதேபோல அடைத்தேன். கையால் தடவினாலும் இடம் தெரியாது. பிறகு புதிதாகக் கோடுகள் அறுத்தேன். ஒவ்வொன்றும் அதன் சரியான இடத்தைவிட ஒரு விரக்கடை தள்ளி, தலைப்பக்கமாக. அதில்தான் பிர்ச் மரத்தின் வெள்ளைச் சீவலைச் சொருகினேன்.

எவ்வளவு தள்ளுவது என்பது சுலபமான வேலை இல்லை. அதிகம் தள்ளினால் முப்பது வருஷப் பழக்கம் உள்ள கை சந்தேகப்படும். குறைவாகத் தள்ளினால் கேட்கிறவன் பொறுத்துக்கொள்வான். ஒவ்வொரு கோட்டுக்கும் விரலை வைத்து, தட்டி, கேட்டு, நகர்த்தி, மறுபடி கேட்டேன். அடுத்த சுரத்துக்கும் போகாமல் இந்தச் சுரத்திலும் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே பல் கூசுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும். எனக்கு நல்ல காது. இந்த வயதிலும் கொட்டகைக்குள் எலி நடந்தால் கேட்கும்.

கடைசியில் படகுக்குப் பூசும் பசை வார்னிஷை நாலு கை பூசி, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். தந்தி உரசிப் பலகை கெடாமல் இருக்க அது வேண்டும். கழுத்தின் தலைமாட்டில் தந்தி படியும் எலும்புத் துண்டையும் தாழ்த்தினேன். செய்வதை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

வெர்னர் இரண்டு முறை கேட்டு வந்தான். வார்னிஷ் காயவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்யும் இல்லை.

கல்யாணத்தன்று காலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வெர்னர் வீட்டு வாசலில் ஊசியிலைக் கிளைகளால் தோரண வளைவு கட்டினோம். நானும் கட்டினேன். கிளைகளைச் சேர்த்துக் கட்டுவதற்கு என் முடிச்சுதான் நிற்கும் என்று என்னைத்தான் ஏணியில் ஏற்றுவார்கள். கட்டி முடித்துக் காபியும் ஒரு சின்னக் கிளாஸ் சாராயமும் குடித்த பிறகு, பெட்டியைத் திறந்து கிட்டாரைக் கொடுத்தேன்.

வெர்னர் கழுத்துப் பலகையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடா இது? கம்பி எங்க?"

அவன் எதிரே நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "உனக்கு அந்தச் சத்தம் புடிக்குமே. ரிக்கே கல்யாணத்துக்கு என் பரிசு."

"டேய், கம்பி இல்லாம நான் எப்படிடா..."

"கோடு இருக்கு பாரு. கம்பி இருந்தா அதுக்குப் பின்னால விரல் வெப்ப. இதுல கோட்டு மேலயே வை. அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

அவன் மேல்கொம்பில் பல்லைப் பதித்து ஒரு தந்தியைத் தட்டி, விரலை வழுக்கிக்கொண்டே போனான். கம்பி தடுக்காததால் அதிர்வு அறுபடாமல் நீண்டு போயிருக்கும். எலும்புக்குள் அது எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. அவன் கண் கலங்கிவிட்டது. தோரணத்தின் கீழே, எல்லாரும் பார்க்க, என்னைக் கட்டிப்பிடித்தான்.

"எனக்குன்னு இவ்வளவு யாரும் செஞ்சதில்லடா" என்றான்.

"இருக்கட்டும்" என்றேன்.

தேவாலயத்தில் நடந்ததெல்லாம் எப்போதும் நடப்பதுதான். மாலை ஊர்க்கூடத்தில் விருந்து. சூப், கறி, உருளைக்கிழங்கு, பாட்டு, பேச்சு. தட்டில் கரண்டியால் தட்டினால் மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தம் கொடுக்க வேண்டும்; வெர்னர் அடிக்கடி தட்டினான். பட்டறை மேலாளரும் மனைவியோடு வந்திருந்தார். சாப்பாட்டு மேஜைகளை ஓரம் ஒதுக்கியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் இருட்டுவதே இல்லை.

மேடைக்குப் போய் நாலு தந்திகளுக்கும் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். சரியாகவே சேர்த்தேன். கேட்டபடி செய்துகொடுத்தேன்; அதில் ஒரு மயிரிழை பிசகு கிடையாது.

கிரெஸ்டன் எட்டிப் பார்த்து, "ஏம்பா, புதுக் கழுத்தா? ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டான்.

வெர்னர் அவன் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். "இருவது வருஷமா எதைடா ஒத்திகை பாத்தோம், இன்னிக்குப் பாக்க?"

அது உண்மை. அந்தக் குழு ஒத்திகை பார்த்ததே கிடையாது. அதே பாட்டுகள், அதே வரிசை. நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

கல்யாண வால்ட்ஸுக்கு மணமக்கள் நடுவில் நிற்பார்கள். எல்லாரும் சுற்றி வட்டமாக நின்று தாளத்துக்குக் கைதட்டுவார்கள். தட்டிக்கொண்டே ஒவ்வொரு அடியாக வட்டத்தைச் சுருக்குவார்கள். கடைசியில் மணமக்கள் அசைய இடமில்லாமல் கட்டிக்கொண்டு நிற்கும்வரை. நானும் வட்டத்தில் நின்று கைதட்டினேன்.

முதல் சுரம் விரல் வைக்காத திறந்த தந்தி. நன்றாக இருந்தது. இரண்டாவது சுரத்தில் வெர்னரின் விரல் கோட்டுக்குப் போயிற்று.

அக்கார்டியனின் சுருதி நகராது. கிட்டாரும் பாடகனும் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள். அக்கார்டியன் சுவர் மாதிரி நிற்கும். அதன் பக்கத்தில் வெர்னரின் ஒவ்வொரு சுரமும் முழுகுகிற ஆள் மாதிரி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அதுவும் எவ்வளவு குழைவாக, எவ்வளவு நீளமாக. கம்பி இருந்திருந்தால் இந்தப் பிசகுக்கே வழியில்லை. முதலில் சிலர் சிரித்தார்கள். வெர்னர் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். அவன் விளையாடுகிறவன்தானே. "அப்பாவுக்குச் சாராயம் ஏறிடுச்சு டோய்" என்று ஒருவன் கத்தினான். கைதட்டல் கலைந்தது. கிழவிகள் காதைப் பொத்தினார்கள்.

"வெர்னரு! என்னய்யா பண்ற?" என்றான் கிரெஸ்டன்.

வெர்னர் கண்ணை மூடியிருந்தான். தாடை கொம்பின்மேல் பதிந்திருந்தது. முகத்தில் புன்னகை. ஒவ்வொரு விரலையும் பார்த்துப் பழகிக்கொண்டு, இனிக் கண்ணே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டான் போல.

கிரெஸ்டன் வாசிப்பதை நிறுத்தினான். டிரம்ஸ்காரனும் நிறுத்தினான். வட்டம் நின்றது.

வெர்னர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன். ஒருவரும் இருமக்கூட இல்லை. அப்போதுதான் ஒவ்வொரு முகமாக மாறிக்கொண்டே வந்தது. இவனுக்குக் கேட்கவில்லை என்று ஒவ்வொருவருக்காகப் புரிந்துகொண்டே வந்தது. இங்கெலிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் தன் மனைவியைப் பார்த்தார். ரிக்கே வட்டத்தைப் பிளந்துகொண்டு, வெள்ளை உடுப்பைக் கையில் சுருட்டிப் பிடித்து மேடையில் ஏறினாள். தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அதிர்வு நின்றதும் அவன் கண் திறந்தான். சிரித்தபடி மகளைப் பார்த்தான். பிறகு கிரெஸ்டனின் மூடிய அக்கார்டியனைப் பார்த்தான். பிறகு கூடத்தை.

"எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்டான்.

கீழே நின்றவர்கள் சொல்லியிருந்தாலும் அவ்வளவு தூரத்திலிருந்து உதட்டைப் படித்திருக்க முடியாது.

திங்கட்கிழமை மேலாளர் அவனைக் கூப்பிட்டார். டாக்டரிடம் அனுப்பினார்கள். கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். மேலாளர் நல்ல மனிதர். வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. கிரெஸ்டன் வேறு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டான். கிரேன் மேலே இருந்தபோது வெர்னரை எல்லாருக்கும் தெரியும். கீழே பெருக்கிக்கொண்டிருந்தபோது அவனைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்பதால் யாரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக் கொட்டகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் தின்றான். இப்போது அங்கே மதிய நேரம் அமைதியாக இருக்கிறது. என்னைப் பேராசிரியர் என்று கூப்பிடுகிறவர்கள் இல்லை.

கிரேனுக்குக் கீழே நிற்கிறவர்களின் உயிருக்காகத்தான் இதைச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவார்கள். ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதற்காகச் செய்யவில்லை.

டாக்டர் கேட்டாராம், இளவயதில் எங்கே வேலை செய்தாய் என்று. இங்கேதான் என்றானாம். அதுவும் எனக்குத் தெரியும், நானும் கூட இருந்தேன். நாங்கள் இருவரும் பட்டறையில் சேர்ந்த முதல் வருஷம், இரும்புப் படகுகளின் வயிற்றுக்குள் இறங்கிக் காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியலால் துரு உடைப்போம். மணிக்குள் தலையை விட்டு அடிப்பது மாதிரி. அந்தக் காலத்தில் காதுமூடி எல்லாருக்கும் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சத்தத்தில் வாந்தி வரும். வெர்னர் தன் முறை வந்தபோதும் அதை என் தலையிலேயே விட்டுவிட்டான். "எனக்கு மண்டை கெட்டிடா, நீயே வெச்சுக்கோ" என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். அடுத்த குளிர்காலமும்.

நான் கேட்கவில்லை. அவனாகக் கொடுத்தான். கேட்டு வாங்கியதுதான் கடன். அவனாகக் கொடுத்ததற்குக் கணக்கு இல்லை. இதைப் பற்றி நிறைய யோசித்துத்தான் சொல்கிறேன்.

ரிக்கே ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "நீங்க ஆசையாத்தான் செஞ்சீங்க மாமா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள்: பாவம் ஹோல்கர், அவ்வளவு நல்ல பரிசு, இப்படி ஆகிவிட்டதே. கோடுகளை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இலையுதிர் காலத்தில் வெர்னர் என் கொட்டகைக்கு வந்தான். கிட்டாரையும் கொண்டுவந்திருந்தான். ஓர் உறையை மேஜைமேல் வைத்தான்.

"என்னது?"

"பழைய பாக்கி. எண்ணிப் பாத்துக்கோ."

துடைப்பக்காரன் சம்பளத்தில் அதைச் சேர்க்க அவனுக்கு எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்று தெரியும். எல்லாம் சின்ன நோட்டுகள். அவன் கிட்டாரின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"உன் வேலையை நான் கெடுத்துட்டேன்டா. என்னை மன்னிச்சுடு" என்றான். சத்தம் எவ்வளவு என்று தெரியாததால் ரொம்பப் பெரிசாகப் பேசினான். "கோட்டு மேலதான் வெச்சேன். ஒவ்வொரு விரலும் கோட்டு மேலதான் வெச்சேன்னு நெனச்சேன். வீட்டுல ஒக்காந்து எத்தனையோ தடவை வெச்சுப் பாக்கறேன், சரியாத்தான் போகுது. அன்னிக்கு மட்டும் கை நடுங்கியிருக்கும்போல. பொண்ணு கல்யாணம் இல்ல."

"இருக்கும்" என்றேன். அவன் என் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினான்.

அவன் தலைக்கு மேலே அலமாரியில் பிஸ்கட் டப்பா இருந்தது. என் இருபது கம்பிகளும் அதில் பத்திரமாக இருந்தன. சரக்கு என்னிடம் திரும்பி வந்த பிறகு காசையும் வாங்குவது நியாயமில்லை. உறையை எடுத்து அவன் சட்டைப் பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுவிட்டேன்.

"வேண்டாம், வெர்னரு. அதை நான் எப்பவோ விட்டுட்டேன்."

அவன் அழுதான். ஆயிரத்து நானூற்று அறுபது குரோனர். சின்னத் தொகை இல்லை. எங்கள் பட்டறையில் வேறு யாராவது இருந்தால் வாங்கியிருப்பார்கள். ஆனால் விழுந்து கிடக்கிறவனிடம் கை நீட்டுகிற மனசு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.